பெரிய கடற்போர் ஒன்றையும் ஜெயிக்காத மாவீரத் தளபதி! மக்காரோவைத் தெரியுமா?

கப்பல் ஏன் மூழ்குகிறது, மூழ்காமல் தடுப்பது எப்படி என்று முப்பது வருஷத்துக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டவர் ஒருவர். அவர் உயிரைக் கொண்டுபோன கப்பல் மூழ்க எடுத்துக்கொண்ட நேரம் சுமார் இரண்டு நிமிடம். தெரியுமா?

அவர் பெயர் ஸ்டெப்பான் ஒசிப்போவிச் மக்காரோவ். ரஷ்யக் கடற்படையின் வைஸ் அட்மிரல். ரஷ்யாவின் கடல் தளபதிகள் என்றதும் முதலில் வரும் பெயர்கள் வேறு. உஷாகோவ் ஒரு போரில்கூடத் தோற்காதவர், பிற்காலத்தில் ரஷ்யத் திருச்சபையே அவரைப் புனிதராக அறிவித்தது. நக்கீமோவ் 1853-ல் சினோப் துறைமுகத்தில் துருக்கிப் படையைத் துவம்சம் செய்தவர். அந்த வரிசையில் மக்காரோவும் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் இரு பெரிய கப்பற்படைகள் நேருக்கு நேர் மோதும் போர் எதையும் அவர் ஜெயித்ததில்லை. அப்படி ஒரு போருக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பே அவருக்கு வாய்க்கவில்லை. அப்புறம் எப்படி மாவீரர் பட்டியலில் இடம்? அதுதான் இந்த மனிதரின் விசேஷம்!

முதலில் பிறப்பு. 1849 ஜனவரி 8, நிக்கோலாயெவ் நகரம். இன்று அது உக்ரைனில் இருக்கும் மிக்கொலாயிவ். அப்பா கடற்படையில் கீழ்மட்டத்திலிருந்து ஏறி வந்தவர். ரஷ்யக் கடற்படை அதிகாரி என்றாலே பிரபு வீட்டுப் பிள்ளை என்றிருந்த காலம் அது. குடும்பம் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், ஆமூர் நதிக்கரை நிக்கோலாயெவ்ஸ்க்குக் குடிபெயர்ந்தது. பையன் அங்கே இருந்த மாலுமிப் பள்ளியில் சேர்ந்தான். தலைநகரின் பெரிய கடற்படைக் கல்லூரி வாசனையே படாத இந்தப் பிள்ளை 41 வயதில் ரியர் அட்மிரல் ஆனார். பால்டிக் கடற்படையில் அன்றைக்கு அவர்தான் அந்தப் பதவியில் இளையவர்!

அந்த ஏணியின் முதல் படி ஒரு ஓட்டை. நிஜமாகவே ஓட்டை! 1869-ல் ‘ருசால்கா’ என்ற கவசக் கப்பல் ஃபின்லாந்துக் கடலோரத்தில் பாறையில் இடித்துக்கொண்டது. இடி சின்னது, உள்ளே வந்த தண்ணீரோ ஏராளம். பம்புகள் இருந்தன, ஆனால் தண்ணீர் புகுந்த இடத்துக்கும் பம்பு இருந்த இடத்துக்கும் சரியான வழி இல்லை! கப்பலை ஆழமில்லாத இடத்துக்கு ஓட்டித் தரைதட்ட வைத்துத்தான் காப்பாற்ற முடிந்தது. மற்றவர்கள் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். அந்தக் கப்பலில் இருந்த இருபது வயது மக்காரோவ் மட்டும் காகிதமும் பேனாவும் எடுத்தார். எந்த அறையில் எவ்வளவு தண்ணீர் புகுந்தால் கப்பல் எவ்வளவு சாயும், பம்புக் குழாய்களை எப்படிப் பதித்தால் எல்லா அறைக்கும் எட்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டு, 1870-ல் கடற்படை இதழில் கட்டுரையாக வெளியிட்டார். கூடவே ஒரு பாய்! ஓட்டையின் மேல் வெளிப்பக்கமிருந்து இழுத்துப் போர்த்த வேண்டிய கனத்த கித்தான் பாய். உள்ளே பாயும் தண்ணீரின் அழுத்தமே அதை ஓட்டையில் ஒட்டவைத்துவிடும். பாய்மரக் காலத்தில் பழைய பாயை வைத்து இப்படி ஒப்பேற்றியதுண்டு. அதை முன்கூட்டியே தைத்து, மடித்து, கயிறு கட்டித் தயாராகக் கப்பலில் வைத்திருக்க வேண்டும் என்று ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் மக்காரோவ்.

இன்னொரு யோசனையைக் கேட்டால் தூக்கிவாரிப்போடும். ஒரு பக்கம் ஓட்டையாகிக் கப்பல் சாய்கிறதா? எதிர்ப்பக்க அறைகளில் நாமே தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்! கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் விஷயம் என்னவென்றால், தண்ணீர் புகுந்த கப்பல் பல நேரம் நேராக அமிழ்வதில்லை, ஒருக்களித்துக் கவிழ்கிறது. சாய்வைச் சரி செய்துவிட்டால், கொஞ்சம் தாழ்ந்தாலும் அது மிதக்கும், ஓடும், சுடும். கணித மேதை அலெக்ஸேய் கிரிலோவ் பிற்பாடு இதற்கு முழுக் கணக்கும் போட்டு, எந்த அறையை நிரப்பினால் எவ்வளவு நிமிரும் என்று அட்டவணையே தயாரித்துக் கொடுத்தார்.

1893-ல் பிரிட்டனின் பெருமைக்குரிய ‘விக்டோரியா’ போர்க்கப்பல், லெபனானின் திரிபோலி அருகே பயிற்சியின்போது சொந்தப் படைக் கப்பலான ‘கேம்பர்டவுன்’ இடித்து மூழ்கியது. அட்மிரல் ட்ரையன் உட்பட 358 பேர் பலி. உலகமே கைபிசைந்து நின்றபோது மக்காரோவ் அந்தக் கப்பலின் சின்ன மாதிரி ஒன்றைச் செய்து, அதே இடத்தில் ஓட்டை போட்டுத் தொட்டியில் மிதக்கவிட்டுக் காட்டினார். மாதிரியும் அப்படியே கவிழ்ந்தது! அதே வருஷம் செப்டம்பரில் இன்னொரு செய்தி: அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அதே ‘ருசால்கா’, தாலினிலிருந்து ஹெல்சிங்கிக்குப் போகும் வழியில் புயலில் மாயமானது. 177 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. 110 வருஷம் கழித்து, 2003-ல், அதைக் கண்டுபிடித்தபோது பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். மூக்கு கடலடிச் சேற்றில் ஆழப் புதைந்து, பின்பகுதி மேலே பார்த்தபடி, கப்பல் அப்படியே செங்குத்தாக நிற்கிறது!

சரி, போருக்கு வருவோம். உலகிலேயே முதன்முதலாக, தானே ஓடும் டார்ப்பிடோவை ஏவிக் கப்பலை மூழ்கடித்தது யார்? பிரிட்டன்? 1877 மே மாதம் பிரிட்டிஷ் ‘ஷா’ கப்பல் பெரு நாட்டின் ‘ஹுவாஸ்கர்’ மீது ஒன்றை ஏவிப் பார்த்தது. குறி தவறியது. சாதித்துக் காட்டியது மக்காரோவின் ஆட்கள்! கிரீமியப் போரில் தோற்ற ரஷ்யா, கருங்கடலில் போர்ப்படையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1856 பாரிஸ் ஒப்பந்தம் கட்டிப்போட்டிருந்தது. 1871-ல் அந்தத் தடை நீங்கினாலும், 1877-ல் துருக்கியுடன் போர் மூண்டபோது ரஷ்யாவிடம் சொல்லிக்கொள்ளும்படி அங்கே படை இல்லை. துருக்கியிடமோ கவசக் கப்பல்கள்! இளம் லெப்டினன்ட் மக்காரோவ் என்ன செய்தார்? ‘கான்ஸ்டன்டீன்’ என்ற பயணிகள் நீராவிக் கப்பலை வாங்கிக்கொண்டார். அதன் மேல் நான்கு சின்ன நீராவிப் படகுகளைத் தூக்கி வைத்துக்கொண்டார். சின்னப் படகால் தனியாக நெடுந்தூரம் போக முடியாது. தாய்க்கப்பல் எதிரித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும், இருட்டில் படகுகள் இறங்கி ஓடும், வேலை முடிந்ததும் தாய்க்கப்பல் அள்ளிக்கொண்டு பறக்கும். கொதிகலன் சூடாகும்வரை காத்திருக்க நேரமில்லையே? படகுகளில் வெந்நீரையே நிரப்பி வைத்தார்!

ஆரம்பத்தில் எல்லாம் சொதப்பல்தான். வெடிக்க வேண்டியது வெடிக்கவில்லை, கயிறு சிக்கிக்கொண்டது. ஆனால் மனுஷன் விடவில்லை. 1878 ஜனவரி 26, பாத்தூமி துறைமுகம், இரவு. ‘செஸ்மா’, ‘சினோப்’ என்ற இரண்டு படகுகள் நூறு மீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு நெருங்கி டார்ப்பிடோக்களை ஏவின. துருக்கியின் ‘இன்திபா’ நீராவிக் கப்பல் கடலுக்கடியில் போனது. ராட்சதக் கப்பலைச் சுண்டைக்காய்ப் படகு சாய்க்கலாம் என்று ஆனபின், உலகத்துக் கடற்படைகள் எல்லாம் ராத்திரித் தூக்கத்தைத் தொலைத்தன.

போர் முடிந்தது. 1881-ல் அவரை இஸ்தான்புல்லுக்கு அனுப்பினார்கள், ரஷ்யத் தூதரகத்துக்கான ‘தமான்’ கப்பலின் கேப்டனாக. நங்கூரம் போட்டுவிட்டு, விருந்து, காபி, சுருட்டு என்று காலம் தள்ளும் வேலை. மக்காரோவுக்கு உட்கார முடியவில்லை. போஸ்பரஸ் ஜலசந்தியில் மேலே ஓடும் நீர் கருங்கடலிலிருந்து மர்மரா கடலுக்குப் போகிறது. இது எல்லாருக்கும் தெரியும். ஆழத்தில் அதற்கு எதிர்த்திசையில் இன்னொரு ஆறு ஓடுவதாக ஒரு பேச்சு. 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியர் மர்சீலி இதைச் சொல்லி, உப்புச் செறிவுதான் காரணம் என்றும் காட்டியிருந்தார். ஆனாலும் நம்பாதவர்கள் நிறைய. மக்காரோவ் ஒரு படகில் ஏறி நடு ஜலசந்திக்குப் போனார். தண்ணீர் நிரப்பிய பீப்பாயைக் கனம் கட்டிக் கயிற்றில் இறக்கினார். மேலோட்டம் தெற்கே இழுக்கிறது. பீப்பாய் ஆழத்தை எட்டியதும், துடுப்பு போடாமலே படகு வடக்கே நகர ஆரம்பித்தது! கீழே ஓடும் ஆறு பீப்பாயைப் பிடித்து இழுக்க, படகு மேல் வெள்ளத்தை எதிர்த்து ஏறுகிறது.

அதோடு விட்டாரா? ஓட்டத்தின் வேகத்தை அளக்கத் தானே ஒரு கருவி செய்தார். சுழலும் ஒரு விசிறி, சுற்றுக்குச் சுற்று அடிக்கும் ஒரு மணி. மணிச்சத்தம் தண்ணீர் வழியாக வந்து கப்பலின் அடிவயிற்றில் காது வைத்தால் கேட்கும்! எண்ணிக்கொண்டே இருந்தால் வேகம் தெரிந்துவிடும். டான்யூப், நீப்பர் போன்ற பெரிய நதிகள் வந்து கலப்பதால் கருங்கடல் நீரில் உப்பு குறைவு, லேசானது. அது மேலே வழிந்து போகிறது. உப்பு மிகுந்த கனத்த மத்தியதரைக் கடல் நீர் அடியில் நுழைகிறது. 1885-ல் வெளிவந்த இந்த ஆய்வுக்கு ரஷ்ய அறிவியல் கழகம் பரிசு கொடுத்தது. தூதரக வாசலில் சும்மா நிற்கப் போன கப்பல், கடலியலின் ஒரு மூலக் கேள்விக்கு அளவு எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் உச்சம் இதுதான். டார்ப்பிடோ எல்லாம் அப்புறம்.

1886 முதல் 1889 வரை ‘வித்யஸ்’ கப்பலில் உலகைச் சுற்றினார். வழியெல்லாம் கடல்நீரின் வெப்பமும் அடர்த்தியும் அளந்தார். ‘வித்யஸும் பசிபிக் பெருங்கடலும்’ என்ற அவர் புத்தகம் 1894-ல் வந்தது. மொனாக்கோ போனால் அங்கிருக்கும் கடலியல் அருங்காட்சியகத்தின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். புகழ்பெற்ற ஆய்வுக் கப்பல்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அதில் ‘வித்யஸ்’ ஒன்று.

இதற்கிடையில் பீரங்கிப் பிரிவுத் தலைமை ஆய்வாளர் பதவி. முகப்பை மட்டும் கெட்டிப்படுத்திய புதுரகக் கவசத் தகடுகளில் பட்டு, கூர்மையான எஃகுக் குண்டுகளே நொறுங்கிப் போயின. மக்காரோவ் குண்டின் கூர்முனைக்கு மென்மையான எஃகில் ஒரு தொப்பி போட்டார்! முதல் அடியின் அதிர்ச்சியைத் தொப்பி வாங்கிக்கொள்ள, முனை சிதறாமல் தகட்டைத் துளைத்தது. எதிரி குழம்பட்டும் என்று அதற்குக் ‘காந்த முனை’ என்று பெயர் சூட்டினார்களாம். காந்தத்துக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. ரஷ்ய மாலுமிகள் கையில் கொடி பிடித்துச் செய்தி சொல்லும் சைகை எழுத்து முறையை 1895-ல் வகுத்ததும் இவரே. க்ரோன்ஸ்டாட் கோட்டைத் துறைமுகத்தின் தளபதியாக இருந்தபோது மாலுமிகளின் முட்டைக்கோஸ் சூப் ருசியாக இல்லை என்று கருங்கடல் படையின் சமையலை ஆராயச் சொல்லி, சமையல் குறிப்பையே படை உத்தரவாகப் போட்டவரும் இவர்தான்!

இப்போது ‘யெர்மாக்’. 1897-ல் புவியியல் கழகத்தில் மக்காரோவ் பேசிய பேச்சின் தலைப்பே ஒரு சவால்: வட துருவத்துக்கு நேராக, இடித்துக்கொண்டு! நாய்வண்டியும் பனிச்சறுக்கும் வைத்துத் துருவம் தேடிய காலத்தில், இவர் கப்பலிலேயே பனியை உடைத்துக்கொண்டு போகலாம் என்றார். தனிம அட்டவணை தந்த மெண்டலீவ் முதலில் கைகொடுத்தார். பிறகு போகும் பாதை பற்றி இருவரும் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். நிதியமைச்சர் விட்டே பணத்துக்கு வழி செய்தார். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் கட்டிய கப்பல் 1898-ல் தண்ணீரில் இறங்கியது. அதன் முன்பகுதி பனியைக் குத்தாது; சரிவான மூக்கால் பனியின் மேல் ஏறி உட்காரும். கப்பலின் கனம் தாங்காமல் பனி உடையும்! சிக்கிக்கொண்டால், உள்தொட்டிகளில் தண்ணீரை இங்கும் அங்கும் மாற்றி இறைத்துக் கப்பலையே ஆட்டி அசைத்து விடுவிக்கலாம். இந்தச் சரிவு மூக்கின் முன்னோடி க்ரோன்ஸ்டாட் வணிகர் பிரிட்னெவ். 1864-லேயே ‘பைலட்’ என்ற சின்னக் கப்பலில் செய்து பார்த்திருந்தார். ஆனால் துருவப் பனியோடு மல்லுக்கட்டும் அளவுக்கு ஒரு கப்பல் உலகில் இதுவே முதல்.

1899 மார்ச்சில் உறைந்த பால்டிக் கடலைப் பிளந்துகொண்டு ‘யெர்மாக்’ க்ரோன்ஸ்டாட் வந்தபோது, ஜனங்கள் பனியின் மேல் நடந்து போய் எதிர்கொண்டு வரவேற்றார்கள். துருவக் கனவுதான் பலிக்கவில்லை. ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வடக்கே 81 பாகையைத் தாண்டிய கப்பலின் உடல் கடினப் பனியில் அடிபட்டது. முன்பக்கப் புரொப்பெல்லர் உதவாது என்று கழற்றிவிட்டார்கள். 1901-ல் நோவயா செம்ல்யா பக்கம் பனியில் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டார். தலைநகரில் கேலி பேசினார்கள், கப்பலைத் துருவப் பக்கம் இனிப் போகக் கூடாது என்று தடுத்தார்கள்.

ஆனால் நடுவே நடந்த ஒன்று சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம்! 1899 நவம்பரில் ‘அப்ராக்ஸின்’ போர்க்கப்பல் ஹோக்லாந்து தீவுப் பாறையில் ஏறிக்கொண்டது. கரைக்குத் தந்திக் கம்பி கிடையாது. வானொலி ஆராய்ச்சியாளர் போபோவ், கம்பியில்லாக் கருவியைத் தீவிலும் கரையிலும் நிறுவினார். இடையில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். 1900 பிப்ரவரி தொடக்கத்தில் வந்த முதல் செய்தியே, மீனவர்கள் நின்ற பனித்திட்டு உடைந்து கடலில் மிதந்து போகிறது, ‘யெர்மாக்’ உடனே புறப்படட்டும் என்பதுதான்! ‘யெர்மாக்’ புறப்பட்டது, 27 மீனவர்கள் உயிரோடு திரும்பினார்கள். அந்த ஏப்ரலில் ‘அப்ராக்ஸின்’ கப்பலும் விடுபட்டது. ஏளனத்துக்கு ஆளான இந்தப் பனி உடைப்புக் கப்பல் 1938-ல் வட துருவ மிதவை நிலையத்தின் பாபானின் குழுவைத் தாயகம் கொண்டுவந்து சேர்த்து, இரண்டாம் உலகப் போரையும் பார்த்துவிட்டு, 1960-கள் வரை வேலை செய்தது.

அடுத்தது 1904. பிப்ரவரி 8 அன்று க்ரோன்ஸ்டாடிலிருந்து மக்காரோவ் கடற்படை அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதினார்: போர்ட் ஆர்தரில் நம் கப்பல்களை வெளித்துறையில் நிறுத்தியிருப்பது ஆபத்து, எதிரி இரவில் தாக்குவான், உள்ளே கொண்டுபோங்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு! அதே நாள் இரவு, போர் அறிவிப்புகூட இல்லாமல், ஜப்பானிய டார்ப்பிடோ படகுகள் பாய்ந்தன. மூன்று பெரிய ரஷ்யக் கப்பல்கள் அடிபட்டன. அதன் பிறகுதான் எல்லாருக்கும் அவர் ஞாபகம் வந்தது. பசிபிக் படைக்குத் தளபதி ஆக்கி ரயிலேற்றி அனுப்பினார்கள்.

மார்ச் 8 அன்று போர்ட் ஆர்தர் வந்தார். இன்றைய சீனாவின் லூஷுன் அது. இரண்டே நாளில், ‘ஸ்தெரெகூஷ்சி’ என்ற சிறு போர்க்கப்பலை எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள் என்று கேட்டதும், படைத்தலைவர் பெரிய கவசக் கப்பலில் பத்திரமாக உட்கார வேண்டாமா? இவர் ‘நோவிக்’ என்ற சின்னக் க்ரூஸரில் தாவி ஏறிக் கடலுக்குப் போய்விட்டார்! காப்பாற்ற முடியவில்லை. ஆனால் திரும்பிவந்தபோது துறைமுகமே அவர் பக்கம் சாய்ந்திருந்தது. குறுகலான வாயில் வழியே முழுப் படையும் வெளியேற முன்பெல்லாம் இரண்டு ஓதம் காத்திருப்பார்கள். இவர் ஒரே ஓதத்தில் வெளியே கொண்டுவந்தார். எதிரில் நின்ற ஜப்பானிய அட்மிரல் டோகோ, கடற்போர் உத்தி பற்றிய மக்காரோவின் புத்தகத்தை மொழிபெயர்ப்பில் ஏற்கெனவே படித்திருந்தவர் என்று சொல்வார்கள். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே புத்தகத்தைத் தன் அதிகாரிகளுக்காக மறுபதிப்பு செய்யக் கேட்டபோது சொந்த அமைச்சகம் இந்த வருஷம் நிதி இல்லை என்றது. அப்படியானால் என்னையே மாற்றிவிடுங்கள் என்று கொதித்தெழுதிய பிறகே இறங்கி வந்தார்கள்!

ஏப்ரல் 12 இரவு. மழைத்தூறல், இருட்டு. துறைமுகத்துக்கு வெளியே ஏதோ நிழல்கள் அசைவது விளக்கொளியில் தெரிந்தது. சுடலாமா என்று கேட்டார்கள். நம் படகுகளே திரும்பிவந்து வழி தெரியாமல் நிற்கலாம், வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், காலையில் துழாவிப் பார்க்கலாம் என்றார். அது ஜப்பானின் ‘கோர்யோ மாரு’, கன்னிவெடி விதைத்துக்கொண்டிருந்தது. விடிந்ததும் ‘ஸ்த்ராஷ்னி’ கப்பலை எதிரிகள் தாக்கும் செய்தி வர, அவசரத்தில் துழாவும் விஷயம் விட்டுப்போனது. கன்னிவெடியும் டார்ப்பிடோவும் வைத்துப் பேரெடுத்தவருக்கே அந்தக் காலையில் அது மறந்தது!

‘பெட்ரோபாவ்லொவ்ஸ்க்’ கவசக் கப்பலில் கிளம்பினார். டோகோவின் பெரும்படை வருவதைப் பார்த்து, கரைப் பீரங்கிகளின் பாதுகாப்புக்குத் திரும்பினார். காலை சுமார் 9.40. ஒரு வெடி, கப்பலுக்குள் இருந்த வெடிமருந்தும் சேர்ந்து வெடித்தது. மூக்கு அமிழ, பின்பக்கப் புரொப்பெல்லர்கள் காற்றில் சுழல, கப்பல் போய்விட்டது. 600-க்கும் மேற்பட்டோர் பலி. மக்காரோவின் மேலங்கி மட்டும் கிடைத்தது. அன்று காலையிலேயே ‘பபேதா’ கப்பலும் கன்னிவெடியில் மாட்டிக்கொண்டது. ஆனால் அதன் வெடிமருந்து அறை பற்றவில்லை. சாய்ந்தபடியே துறைமுகம் வந்து சேர்ந்தது. பாயும் பம்பும் எதிர்நீரும் தண்ணீருக்குத்தான் மருந்து. வெடிமருந்துக்கு அல்ல.

‘பெட்ரோபாவ்லொவ்ஸ்க்’ கப்பலில் ஒரு விருந்தாளி இருந்தார், தெரியுமா? போர் ஓவியர் வசீலி வெரெஷ்சாகின். கடைசியாகப் பார்த்தவர்கள், மேல்தளத்தில் ஓவியப் புத்தகத்துடன் வரைந்துகொண்டிருந்தார் என்றார்கள். இந்தியா வந்து டெல்லி முத்து மசூதியையும் இமயத்தையும் தீட்டியவர். சிப்பாய்களை பீரங்கி வாயில் கட்டி பிரிட்டிஷார் சுடும் காட்சியை வரைந்து லண்டனையே கோபப்படுத்தியவர். அவரும் கடலோடு போனார். தப்பியவர்களில் ஒருவர் ஜார் மன்னரின் சித்தப்பா மகன் கிரில். புரட்சிக்குப் பிறகு அந்நிய மண்ணில் தன்னைத்தானே பேரரசர் என்று அறிவித்துக்கொண்டவர்!

எதிரி நாட்டில் என்ன நடந்தது? ஜப்பானின் இளங்கவிஞர் இஷிகாவா தகுபொக்கு, போர் உச்சத்தில் இருக்கும்போதே மக்காரோவுக்கு இரங்கற்பா எழுதினார்! 1908-ல் இத்தாலியின் மெஸ்ஸினாவைப் பூகம்பம் தரைமட்டமாக்கியபோது இடிபாட்டில் இறங்கி உயிர்களை மீட்ட ரஷ்யக் கப்பல்களில் ஒன்றின் பெயர் ‘அட்மிரல் மக்காரோவ்’. 1913-ல் க்ரோன்ஸ்டாடில் சிலை வைத்தார்கள். அதில் பொறித்திருப்பது அவர் ஓயாமல் சொன்ன வாசகம்: போரை நினைவில் வை. சகாலினில் ஜப்பானியர் ஆண்ட ‘ஷிருதொரு’ என்ற ஊர் 1945-ல் சோவியத் கைக்கு வந்தது. மறு வருஷமே அதற்கு மக்காரோவ் என்று பெயர் மாற்றம்!

ஆங்… கேட்க மறந்திருப்பீர்கள். திரைப்படங்களில் வில்லன் நீட்டும் ‘மக்காரோவ்’ கைத்துப்பாக்கி? அதற்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. அதைச் செய்தவர் நிக்கோலாய் மக்காரோவ். அட்மிரல் கடலில் போய்ப் பத்து வருஷம் கழித்துப் பிறந்தவர்!